துறந்த பதவியும் திரும்பிய பதவியும்
இமாம் கஸ்ஸாலியின் ‘அல்முன்கித்’ – ஒரு மறுவாசிப்பு

தம்மைப் பற்றித் தாமே எழுதிக்கொள்வதில் நம் முன்னோர்களான அறிஞர் பெருமக்கள் பொதுவாகத் தயக்கம் காட்டியே வந்துள்ளனர். அவர்களின் வாழ்க்கையை மாணவர்களும் வரலாற்றாசிரியர்களுமே எழுதினர். அந்த வழக்கத்திற்கு விலக்காக நிற்கும் நூல்களுள் முதன்மையானது ஹுஜ்ஜத்துல் இஸ்லாம் இமாம் அபூஹாமித் அல்கஸ்ஸாலி (ரஹ்) அவர்களின் ‘அல்முன்கித் மினள் ளலால்’ ஆகும். ‘வழிகேட்டிலிருந்து மீட்பது’ என்று அதன் பெயருக்குப் பொருள் கூறலாம். ஒரே அமர்வில் படித்து முடித்துவிடக்கூடிய சிறிய நூல். ஆயினும், உண்மையைத் தேடிய ஓர் அறிவின் பயணத்தையும், அந்த அறிவைச் சுமந்த மனிதர் தம் பதவியை ஏன் துறந்தார் என்பதையும் அது ஒருங்கே எடுத்துரைக்கிறது.

பதவி துறந்த அந்த நிகழ்ச்சியை நம் மேடைகளில் கேளாதவர் இருக்க முடியாது. பக்தாதின் மிக உயர்ந்த கல்விப் பீடத்தை இமாமவர்கள் உதறித் தள்ளினார்கள், கம்பளி உடுத்துக் காட்டை நோக்கி நடந்தார்கள் என்று பயான்களில் உருக்கமாகக் கூறப்படுகிறது. கேட்போர் கண் கலங்குகின்றனர். ஆனால், நூலைத் திறந்து நிதானமாகப் படிப்பவருக்கு மேடையில் சொல்லப்படும் கதை பாதிக் கதையே என்பது விளங்கும். துறந்தவர் பதினொரு ஆண்டுகளுக்குப் பின் அதே போன்றதொரு பீடத்தில் மீண்டும் அமர்ந்தார். அந்த இரண்டாவது செயலுக்கும் அதே நூலிலேயே விளக்கம் தருகிறார். முதற்பாதியை மட்டும் எடுத்துக்கொண்டு மறுபாதியை விட்டுவிட்டால், இமாமவர்கள் சொல்ல வந்தது நேர்மாறாகப் புரிந்துகொள்ளப்படும் அபாயம் உண்டு. இக்கட்டுரை அந்த இரு பாதிகளையும் சேர்த்துப் படிக்க முயல்கிறது.

அந்தப் பீடத்தின் கதை

நிழாமிய்யா என்றதும் நம் அரபிக் கல்லூரிகளின் ‘தர்ஸே நிழாமி’ பாடத்திட்டத்தைச் சிலர் நினைத்துக்கொள்வதுண்டு. அது வேறு; இது வேறு. தர்ஸே நிழாமி, ஹிஜ்ரி 1161இல் (கி.பி. 1748) மறைந்த லக்னோ ஃபிரங்கி மஹல் முல்லா நிழாமுத்தீன் அவர்களின் பெயரால் வழங்குவது. பக்தாதின் நிழாமிய்யாவோ அதற்கு ஏறத்தாழ ஏழு நூற்றாண்டுகளுக்கு முன்னர், ஸல்ஜூக்கிய சுல்தான்களின் பேரமைச்சர் நிழாமுல் முல்க் நிறுவிய மத்ரஸா. ஹிஜ்ரி 459இல் (1067) அது திறக்கப்பட்டது.

திறப்பு விழாவன்றே அந்தப் பீடம் ஒரு மனச்சான்றின் சோதனையைச் சந்தித்தது. முதல் பேராசிரியராக நியமிக்கப்பட்டவர் ஷாஃபிஈ மத்ஹபின் மாபெரும் சட்ட அறிஞர் அபூஇஸ்ஹாக் அஷ்ஷீராஸி (ரஹ்). ஊரே திரண்டு காத்திருக்க, அவர் வரவில்லை. மத்ரஸா எழுந்த இடத்தில் பிறருடைய உடைமை பறிக்கப்பட்டுச் சேர்ந்துள்ளது என்று வழியில் ஒருவர் சொன்ன சொல் அவரைத் திருப்பி அனுப்பிவிட்டது. அவருக்குப் பதிலாக இப்னுஸ் ஸப்பாஃக் இருபது நாட்கள் பாடம் நடத்தினார். பலருடைய வற்புறுத்தலுக்குப் பின்னரே ஷீராஸி அவர்கள் பீடத்தில் அமர்ந்தார். அமர்ந்த பின்னரும் தொழுகை நேரம் வந்தால் மத்ரஸாவை விட்டு வெளியேறி வேறொரு பள்ளிவாசலில் தொழுதுவந்தார் என்று வரலாற்றாசிரியர்கள் எழுதுகின்றனர். பணியை ஏற்றுக்கொண்டும் மனத்தை அடகு வைக்காமல் இருக்க அவர் கண்ட வழி அது.

அதே பீடத்திற்குத்தான் ஹிஜ்ரி 484இல் (1091) இமாம் கஸ்ஸாலி நியமிக்கப்பட்டார்கள். ஹிஜ்ரி 450இல் (1058) குராசானின் தூஸ் நகரில் பிறந்த அவர்களுக்கு அப்போது வயது முப்பத்து நான்கு. நைசாப்பூரில் இமாமுல் ஹரமைன் ஜுவைனி (ரஹ்) அவர்களிடம் பயின்று, ஆசிரியர் 478இல் (1085) மறைந்ததும் நிழாமுல் முல்கின் அவையைச் சேர்ந்து, விவாத அரங்குகளில் வென்று பெயர் பெற்றவர் அவர். பக்தாதில் தம்மிடம் முந்நூறு மாணவர்கள் பயின்றதாக முன்கித் நூலில் அவரே குறிப்பிடுகிறார். அவரது அன்றைய ஆடையும் வாகனமும் ஐந்நூறு தீனார் மதிப்பிடப்பட்டன என்றும், துறவுக்குப் பின் அவர் உடுத்திருந்தது பதினைந்து கீராத் மட்டுமே பெறும் என மதிப்பிடப்பட்டது என்றும் இப்னுல் ஜவ்ஸி (ரஹ்) பதிவு செய்துள்ளார். ஒரு தீனாரின் சிறு பின்னமே கீராத் என்பதை நினைவிற்கொண்டால் இந்த இரு எண்களுக்கும் இடையே உள்ள தொலைவு புரியும்.

ஆறு மாதத் தயக்கம்

முன்கித் நூல் இரண்டு நெருக்கடிகளைப் பேசுகிறது. முதலாவது, அறிவின் நெருக்கடி. புலன்களை நம்பலாமா, பகுத்தறிவின் அடிப்படைகளையே நம்பலாமா என்ற ஐயம் ஏறத்தாழ இரண்டு மாதங்கள் அவரை வாட்டியது. வாதங்களாலன்றி, அல்லாஹ் நெஞ்சில் இட்ட ஓர் ஒளியால் அது நீங்கியது என்கிறார். அதன்பின் உண்மையைத் தேடுவோரை நான்கு வகையினராகப் பிரித்து, கலாம் அறிஞர்கள், தத்துவவாதிகள், பாத்தினிகள், ஸூஃபிகள் என ஒவ்வொருவரின் வழியையும் ஆராய்கிறார். முதல் மூன்றையும் நூல்களைக் கொண்டே அளந்துவிட முடிந்தது. நான்காவதை அவ்வாறு அளக்க முடியவில்லை. ஆரோக்கியத்தின் இலக்கணத்தை அறிவது வேறு, ஆரோக்கியமாக இருப்பது வேறு என்ற கருத்தில் அவர் எழுதும் பகுதி நூலின் திருப்புமுனை. இனி எஞ்சியது கற்றல் அன்று, நடத்தல்.

இங்கேதான் இரண்டாவது நெருக்கடி தொடங்குகிறது. இது மனவுறுதியின் நெருக்கடி. தம் செயல்களில் மிகச் சிறந்ததான கற்பித்தலை எடுத்து அதன் நிய்யத்தைச் சோதித்துப் பார்க்கிறார். அது அல்லாஹ்வின் திருமுகத்திற்காக இல்லை. பெயரும் பதவியும் அதைத் தூண்டிக்கொண்டிருந்தன என்று காண்கிறார். இந்த இடத்தை நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டும். அவர் செய்துவந்த தொழில் ஹராமானதன்று. வட்டிக் கணக்கு எழுதவில்லை, மதுக்கடையில் அமரவில்லை. மார்க்கச் சட்டத்தைக் கற்பித்தார். ஃபிக்ஹின் அளவுகோலைக் கொண்டு பார்த்தால் அப்பணியில் விரல் வைக்க ஓர் இடமில்லை. அளவுகோல் அளக்காத இடத்தில்தான் அவருக்கு நோய் இருந்தது.

ஹிஜ்ரி 488 ரஜப் மாதம் (1095 ஜூலை) தொடங்கி ஏறத்தாழ ஆறு மாதங்கள் அவர் தத்தளித்தார். ஒரு நாள் புறப்பட முடிவு செய்வார். மறுநாள் அம்முடிவைக் கலைப்பார். காலையில் மறுமையின் நாட்டம் மேலோங்கும். மாலைக்குள் உலக ஆசையின் படை வந்து அதைச் சிதறடிக்கும். ஷைத்தானின் வாதத்தை அவர் எடுத்துக்காட்டும் விதம் உளநூல் வல்லுநரும் வியக்கத்தக்கது. இது கடந்துபோகும் ஒரு மனநிலையே, இதற்கு இணங்கி இவ்வளவு சீரான ஒரு நிலையை விட்டுவிட்டால் பிறகு மனம் திரும்பும்போது இடம் திரும்பாது என்பதே அந்த வாதத்தின் சாரம். வேலையை விடுவதா வேண்டாமா என்று இரவில் விழித்துக் கிடந்த எவருக்கும் இந்தக் குரல் பழக்கமானதே.

இதற்கும் அவர் தாமாக ஒரு முடிவு கண்டதாக எழுதவில்லை. நாவு பூட்டப்பட்டது. மாணவர்களின் மனம் நோகாதிருக்க ஒரு நாளேனும் பாடம் நடத்த முயன்றும் ஒரு சொல் வெளிவரவில்லை. பின்னர் உணவும் இறங்கவில்லை. மருத்துவர்கள் இது நெஞ்சில் இறங்கிய துயரம், அங்கிருந்து உடலைத் தாக்கியுள்ளது என்று கூறிக் கைவிட்டனர். வேறு வழியற்றவனாக அல்லாஹ்விடம் மன்றாடினார். அதன்பின் பதவியும் பொருளும் மக்களும் நண்பர்களும் விட்டு நீங்க எளிதாகிவிட்டன.

இங்கே நூலின் நேர்மை வெளிப்படுகிறது. தம்மை வீரராகச் சித்திரிக்க விரும்பிய ஒருவர் ஆறு மாதத் தயக்கத்தை ஆறு வரிகளில் கூடச் சொல்லியிருக்க மாட்டார். இமாமவர்களோ வெற்றியைச் சுருக்கித் தயக்கத்தை விரிக்கிறார். தாம் விட்டதாகச் சொல்லாமல், விடுவிக்கப்பட்டதாகச் சொல்கிறார். நம் மேடைகளில் ‘உதறித் தள்ளினார்’ என்று நாம் பயன்படுத்தும் வினைச்சொல் நூலின் உணர்வுக்கே பொருந்தாதது.

மேலும் இரண்டு செய்திகளை அவர் மறைக்கவில்லை. மக்காவுக்குப் போவதாக வெளியே சொல்லிக்கொண்டு, உள்ளத்தில் ஷாம் நாட்டிற்குப் போகத் திட்டமிட்டதை அவரே எழுதுகிறார். கலீஃபாவும் நண்பர்களும் தடுத்துவிடுவர் என்ற அச்சம். அடுத்து, செல்வத்தைப் பங்கிட்டுக் கொடுத்தபோது தமக்குப் போதுமானதையும் குழந்தைகளின் உணவுக்கு உரியதையும் நிறுத்திக்கொண்டார். இராக்கின் பொருள் முஸ்லிம்களின் நலனுக்கான வக்ஃபு என்பதால் அறிஞர் ஒருவர் தம் குடும்பத்திற்கு எடுத்துக்கொள்ள அதைவிடத் தகுந்த பொருள் இல்லை என்று சட்ட நோக்கிலான விளக்கமும் தருகிறார். துறவின் வாசலில் நின்றும் அவரிடமிருந்த ஃபகீஹ் விழித்திருந்தார். பிள்ளைகளைப் பசியில் விட்டுவிட்டுப் போவதை அவர் தவக்குலின் பெயரால் நியாயப்படுத்தவில்லை.

ஐயுற்றோரின் வாதங்கள்

இமாமவர்கள் சொன்ன காரணம் உண்மையான காரணந்தானா என்ற கேள்வி நவீன ஆய்வாளர்களிடையே எழுந்தது. 1899இல் டங்கன் பிளாக் மெக்டொனால்டு எழுதிய கட்டுரை அரசியல் காரணம் இருக்கலாம் என்றது. பக்தாதின் ஆட்சியாளர்கள் சுல்தான் பர்கியாரூக்கின் சிற்றப்பன் துதுஷை ஆதரித்தனர்; 488இல் துதுஷ் போரில் கொல்லப்பட்டார்; அதே ஆண்டில் கஸ்ஸாலி வெளியேறினார்; பர்கியாரூக் 498இல் இறந்தார்; மறு ஆண்டில் கஸ்ஸாலி பணிக்குத் திரும்பினார் என்று ஆண்டுகள் பொருந்துவது அவரது சான்று. ஃபரீத் ஜப்ர் என்னும் ஆய்வாளரோ பாத்தினிகளின் கத்திக்கு அஞ்சியே வெளியேறினார் என்றார். புரவலரான நிழாமுல் முல்க் 485இல் (1092) கத்திக்குத்து ஒன்றில் கொல்லப்பட்டார். பாத்தினிகளை மறுத்து நூல் எழுதியவர் கஸ்ஸாலி. எனவே அச்சம் இயல்பே என்பது இவ்வாதம்.

இவ்வாதங்களை மேற்குலகின் காழ்ப்பு என்று ஒரே சொல்லில் தள்ளிவிடுவது நம்மிடையே எளிதாக நிகழ்வது. அது ஆய்வுக்கு அழகன்று, தேவையும் இல்லை. ஏனெனில், ஆட்சியாளர்களுக்கு அஞ்சி வெளியேறினார் என்ற வதந்தி அவர் வாழ்ந்த காலத்திலேயே இருந்தது. அதை முதலில் எழுதிவைத்தவர் கஸ்ஸாலியே. இராக்குக்குத் தொலைவில் இருந்தோர் அவ்வாறு ஊகித்தனர் என்றும், அவையை நெருங்கியிருந்தோர் ஆட்சியாளர்கள் தம்மைத் தடுத்து நிறுத்த எவ்வளவு முயன்றனர் என்பதைக் கண்டதால் இது வானிலிருந்து வந்த விதி என்றும் முஸ்லிம்கள்மேல் பட்ட கண்ணேறு என்றும் பேசிக்கொண்டனர் என்றும் அவர் எழுதுகிறார். எவரும் மார்க்கக் காரணத்தை நினைத்துக்கூடப் பார்க்கவில்லை. ஏனெனில் அந்தப் பதவியே மார்க்கத்தின் சிகரம் என்று அவர்கள் எண்ணியிருந்தனர் என்ற அவரது கருத்தில் உள்ள கசப்பு எண்ணிப்பார்க்கத்தக்கது.

வெளிச்சான்று ஒன்றும் உண்டு. அந்தலூசியாவின் பெரும் அறிஞர் காளீ அபூபக்ர் இப்னுல் அரபி (ரஹ்), ஹிஜ்ரி 490 ஜுமாதல் ஆகிர் மாதம் (1097) பக்தாதில் இமாம் கஸ்ஸாலியைச் சந்தித்ததாகப் பதிவு செய்துள்ளார். நிழாமிய்யாவுக்கு எதிரே இருந்த ஒரு ரிபாத்தில் தங்கி, தம் இஹ்யாவை அங்கே அவர் பிறருக்குக் கற்பித்துக்கொண்டிருந்தார். இந்தச் சான்று இருபுறமும் கூரானது.

ஒருபுறம், அது முன்கித் நூலின் காலக் கணக்கைத் தளர்த்துகிறது. 488 துல்கஃதாவில் (1095 நவம்பர்) பக்தாதை விட்டவர், திமிஷ்கின் பள்ளிவாசல் மினாராவில் தனித்திருந்து, பைத்துல் முகத்தஸ் சென்று, கலீல் நகரில் இப்ராஹீம் (அலை) அவர்களின் அடக்கத்தலத்தைத் தரிசித்து, 489இன் இறுதியில் ஹஜ்ஜை நிறைவேற்றி, 490இன் நடுவில் பக்தாதில் இருந்திருக்கிறார். அப்படியாயின் ஷாமில் ஏறத்தாழ ஈராண்டு தங்கியதாக முன்கித் சொல்வது நினைவிலிருந்து எழுதிய தோராயக் கணக்கே. பதினொரு ஆண்டுத் தனிமை என்பதையும் எவரையும் பாராமல் குகையில் கிடந்ததாகக் கொள்ள இயலாது. அவர் எழுதினார், கற்பித்தார், பயணம் செய்தார். விலகியிருந்தது மக்களிடமிருந்து அன்று, அரச நியமனத்திலிருந்து.

மறுபுறம், அதே சான்று அரசியல் வாதத்தின் அடித்தளத்தை ஆட்டுகிறது. 490இல் சுல்தானாக இருந்தவர் பர்கியாரூக்கே. அஞ்சி ஓடியவர், அஞ்சப்பட்டவரின் ஆட்சியிலுள்ள நகருக்கே, அதுவும் பழைய மத்ரஸாவின் எதிர்வாசலுக்கே, ஈராண்டிற்குள் திரும்பி வந்து தங்குவாரா? பாத்தினிகளின் கத்திக்கு அஞ்சியவர் அவர்களை மறுத்துத் தொடர்ந்து எழுதுவாரா? முன்கித் நூலிலேயே அவர்களுக்கு ஒரு நீண்ட மறுப்பு இடம்பெறுகிறது. ஆகவே, ஆண்டுகளில் துல்லியமற்றவராக இமாமவர்களை நாம் காணலாம். காரணத்தில் பொய்யுரைத்தவராகக் காண இடமில்லை. நூலின் சிறு பிழையைக் காட்டும் சான்றே அதன் பெரிய உண்மையைக் காக்கிறது.

காலச்சூழல் அவரைத் தீண்டவேயில்லை என்றும் சொல்ல வேண்டியதில்லை. பேரமைச்சரும் சுல்தான் மலிக்ஷாவும் 485இல் அடுத்தடுத்து மறைந்தனர். கலீஃபா முக்ததீ 487இல் இறந்தார். அரியணைக்காக உறவினர் ஒருவரையொருவர் கொன்றனர். தாம் நிழலுக்கு ஒதுங்கிய மரங்கள் வரிசையாகச் சாய்வதைக் கண்ட ஒருவர் தம் வேர் எங்கே இருக்கிறது என்று தேடுவது இயல்பு. வரலாறு கேள்வியை எழுப்பியிருக்கலாம். அதற்கு அவர் தந்த விடை வரலாற்றிலிருந்து வந்ததன்று.

மீண்டும் பீடத்தில்

ஹிஜ்ரி 499 துல்கஃதாவில் (1106), நைசாப்பூர் நிழாமிய்யாவில் இமாமவர்கள் மீண்டும் பாடம் நடத்தத் தொடங்கினார்கள். அழைத்தவர் நிழாமுல் முல்கின் மகனும் அமைச்சருமான ஃபக்ருல் முல்க். பக்தாதை விட்டுப் புறப்பட்ட அதே துல்கஃதா மாதத்திலேயே தனிமையை விட்டும் வெளிவந்ததை அவர் ஒரு தெய்வீக ஏற்பாடாகக் குறிப்பிடுகிறார்.

இந்த இடமே நூலின் உச்சம் என்பது என் கருத்து. மக்களிடம் ஈமான் தளர்ந்திருப்பதையும், அதற்கான மருந்து தம்மிடம் இருப்பதையும் கண்ட பின், தனிமையில் தொடர்ந்து இருப்பது சரியா என்று தம்மையே கேட்கிறார். முன்னர்க் கற்பித்தலின் நிய்யத்தைச் சோதித்தவர் இப்போது தனிமையின் நிய்யத்தைச் சோதிக்கிறார். சோம்பலும், ஓய்வு நாட்டமும், மக்களின் தொல்லையிலிருந்து தன்மானத்தைக் காத்துக்கொள்ளும் ஆசையும் தம்மைத் தனிமையில் பிடித்து வைத்திருக்கலாகாது என்று முடிவு செய்கிறார். துறவும் ஒரு சுகமான பதவியாகிவிடக்கூடும் என்பதை உணர்ந்தவரின் எழுத்து இது. உள்ளத் தூய்மை உடையோரிடம் கலந்தாலோசித்தார். ஒவ்வொரு நூற்றாண்டின் தொடக்கத்திலும் மார்க்கத்தைப் புதுப்பிப்பவர் தோன்றுவார் என்ற நபிமொழியும் ஐந்தாம் நூற்றாண்டு முடியும் அவ்வேளையில் அவருக்கு ஊக்கமளித்தது.

வெளிப்பார்வைக்குத் திரும்பினாலும் தாம் உண்மையில் திரும்பவில்லை என்பது அவரது விளக்கம். முன்னர் எந்த அறிவால் பதவி கிடைக்குமோ அதைக் கற்பித்தார். இப்போது எந்த அறிவால் பதவியாசை விடுமோ அதைக் கற்பிக்கிறார். அதே மேடை, அதே மாணவர் வட்டம், அதே வக்ஃபு வருமானம். மாறியது நோக்கம் ஒன்றே.

இது வெறும் சொல்லலங்காரமா? அவரை இரு காலங்களிலும் நேரில் அறிந்த நைசாப்பூர் அறிஞர் அப்துல் காஃபிர் அல்ஃபாரிஸி (ரஹ்) இக்கேள்வியைக் கேட்டவர்தாம். அவரது குறிப்பை இமாம் சுப்கீ தம் தபகாத்தில் பாதுகாத்துள்ளார். முன்னாளில் கஸ்ஸாலியிடம் கண்ட கடுமையும், பிறரை எளிதாக எண்ணும் போக்கும், புலமைச் செருக்கும் நன்கு அறிந்திருந்த அவர், பின்னாளில் கண்ட பணிவு வேடமாக இருக்குமோ என்றே முதலில் ஐயுற்றார். ஆராய்ந்து பார்த்த பின்னரே அது உண்மையென ஒப்பினார். பகைவரல்லாத, ஆனால் எளிதில் நம்பாத ஒருவரின் இச்சான்று முன்கித் நூலுக்குக் கிடைத்த மிகச் சிறந்த மதிப்புரை எனலாம்.

ஆயினும் ஒரு சிக்கல் எஞ்சுகிறது. 489இல் கலீல் நகரில் இப்ராஹீம் (அலை) அவர்களின் அடக்கத்தலத்தில் நின்று மூன்று உறுதிகளை எடுத்ததாகத் தம் பாரசீகக் கடிதங்களில் இமாமவர்கள் குறிப்பிடுகிறார்கள்: எந்த ஆட்சியாளரின் அவைக்கும் செல்வதில்லை, ஆட்சியாளரின் பொருளை ஏற்பதில்லை, விவாத அரங்குகளில் ஈடுபடுவதில்லை. முன்கித் இதைச் சொல்லவேயில்லை. அமைச்சரின் அழைப்பை ஏற்று நிழாமிய்யாவில் அமர்ந்தது இந்த உறுதிக்கு மாறானதன்றோ என்று கேட்பதில் தவறில்லை. ஆட்சியாளரின் ஆணை மறுக்க இயலாத அளவுக்கு வலுவாக இருந்தது என்று முன்கித் சொல்வது ஒரு விளக்கம், முழு விளக்கமன்று. தம்முடைய இஹ்யாவின் ‘ஹலால் ஹராம்’ பாகத்தில் அக்காலச் சுல்தான்களின் பொருளைப் பற்றி அவர் காட்டிய கடுமையுடன் இதை வைத்துப் பார்த்தால் இறுக்கம் தெரிகிறது. அந்த இறுக்கத்தை அவர் தம் வாழ்வால் தீர்த்தார். சில ஆண்டுகளில் நைசாப்பூரை விட்டுத் தூஸுக்குத் திரும்பி, வீட்டருகே ஒரு மத்ரஸாவும் ஸூஃபிகளுக்கான கான்காவும் அமைத்தார். 504இல் பக்தாதின் பழைய பீடத்திற்கே மீண்டும் அழைப்பு வந்தபோது, தூஸில் தம்மை நம்பியுள்ள நூற்றைம்பது மாணவர்களையும் குடும்பத்தையும் அந்தப் பழைய உறுதியையும் காரணம் காட்டி மறுத்தார். முந்நூறு பேரை விட்டுச் சென்றவர், நூற்றைம்பது பேரை விட மறுத்த இக்காட்சியே அவருடைய வாழ்வின் பொருத்தமான முடிவுரை. 505 ஜுமாதல் ஆகிர் 14இல் (1111 டிசம்பர் 18) தூஸிலேயே அவர்கள் மறைந்தார்கள்.

நூல் சொல்லாதவையும் நமக்குச் சொல்பவையும்

இவ்வளவு நேர்மையான நூலிலும் வெற்றிடங்கள் உண்டு. வீட்டாரைப் பற்றி மிகச் சில சொற்களே உள்ளன. பிள்ளைகளின் அழைப்பு தம்மை ஊருக்கு இழுத்தது என்று ஓரிடத்தில் கடந்து செல்கிறார். அவர் இல்லாத நாட்களில் அந்த வீடு எப்படி நடந்தது, யார் பொறுப்பேற்றார் என்பதை நாம் அறிய வழியில்லை. முந்நூறு மாணவர்களின் பாடம் இடைநின்றதைப் பற்றியும் வருத்தம் பதிவாகவில்லை. தம்பி அஹ்மத் அல்கஸ்ஸாலி அண்ணனின் இடத்திலிருந்து பாடம் நடத்தினார் என்பதைப் பிற நூல்களிலிருந்தே அறிகிறோம். ஒருவரின் மனச்சான்றுக்காகப் பிறர் செலுத்தும் விலை தன்வரலாறுகளில் பெரும்பாலும் எழுதப்படுவதில்லை. இது இமாமவர்களின் மதிப்பைக் குறைக்காது. ஆனால் அவர்களைப் பின்பற்றிப் பணியைத் துறக்க எண்ணுவோர் நூலில் இல்லாத அந்த அத்தியாயத்தையும் படித்தாக வேண்டும்.

நம் காலத்தில் இந்நூலுக்கு இருக்கும் பயன் என்ன? வட்டித் தொழிலில் கணக்கெழுதும் இளைஞர், பொய் சொன்னாலன்றி விற்பனை நடவாத நிறுவனத்தில் இருப்பவர் போன்றோர் ‘இதை விடலாமா’ என்று ஆலிம்களிடம் வந்து கேட்கின்றனர். அவர்களுக்கான விடை முன்கித் நூலில் இல்லை. தொழிலே விலக்கப்பட்டதாயின் அதற்கு ஃபிக்ஹ் நூல்கள் விடை சொல்லும். குடும்பத்தின் உணவுக்கு மாற்று வழி தேடிக்கொண்டே எவ்வாறு விலகுவது என்பதையும் சட்ட அறிஞர்கள் விளக்குவர். அங்கே கஸ்ஸாலியின் துறவை உதாரணம் காட்டுவது நோய்க்குப் பொருந்தாத மருந்து.

முன்கித் யாருக்கு எழுதப்பட்டது என்றால், ஹலாலான பணியில் இருப்போருக்கு. குறிப்பாக ஓதிக்கொடுப்போருக்கும், எழுதுவோருக்கும், மேடையேறுவோருக்கும். இஹ்யாவின் கல்விப் பாகத்தில் இமாமவர்கள் ஒரு கேள்வி எழுப்புகிறார்கள்: பல ஊர்களில் முஸ்லிம் மருத்துவர் ஒருவர்கூட இல்லாதபோது, அனைவரும் ஃபிக்ஹ் படிக்க முண்டியடிப்பது ஏன்? மருத்துவத்தால் வக்ஃபு நிர்வாகமும் காளீ பதவியும் கிடைப்பதில்லை என்பதே அவர் கண்ட காரணம். சமூகக் கடமை என்ற பெயரில் ஓடும் ஆசையை இதைவிடக் கூர்மையாக எவரும் பிடித்ததில்லை. இந்தக் கேள்வியைக் கேட்டவர் அந்தக் கூட்டத்தின் தலைமையில் இருந்தவர் என்பதால்தான் அதற்கு இத்தனை வலிமை.

தமிழகக் கடற்கரையூர்களின் ஷாஃபிஈ முஸ்லிம்களுக்கு இமாம் கஸ்ஸாலி அயலவர் அல்லர். அவர்களின் ‘அல்வஜீஸ்’ நூலுக்கு இமாம் ராஃபிஈ விரிவுரை எழுத, அவ்விரிவுரையை இமாம் நவவீ ‘ரவ்ளா’வாகச் சுருக்கினார்கள். அவ்வழி வந்த சட்டங்களின்படியே நம் வுளூவும் தொழுகையும் நிகழ்கின்றன. நம் மத்ரஸாக்களில் அவரது ஃபிக்ஹின் வாரிசுகளாக நாம் இருக்கிறோம். இஹ்யாவின் பகுதிகளும் தமிழில் கிடைக்கின்றன. அவர் தம்மையே விசாரித்த முறைக்கு வாரிசாக இருக்கிறோமா என்பதே கேள்வி. சொற்ப ஊதியத்தில் ஓதிக்கொடுக்கும் ஓர் உஸ்தாதிடம் ‘கஸ்ஸாலியைப் போல் துறந்துவிடு’ என்று சொல்வது கேலியாகும். அவர் ஏற்கனவே பலவற்றைத் துறந்தவர். ஊதியம் வாங்குவதையும் கஸ்ஸாலி குறை கூறவில்லை. வக்ஃபுப் பொருளை அறிஞர் எடுத்துக்கொள்வது தகும் என்றவர் அவர். அவர் குறை கண்டது, ஊதியத்தைத் தாண்டி நெஞ்சு வாங்கிக்கொண்டிருந்த இன்னொரு கூலியை.

அந்தக் கூலியை விட, சிலருக்கு இடத்தை விட்டு எழுந்தாக வேண்டியிருக்கும். சிலர் இருந்த இடத்திலேயே விடலாம். ஷீராஸி அவர்கள் பீடத்தில் அமர்ந்துகொண்டே தொழுகைக்கு வெளியே நடந்தார். கஸ்ஸாலி அவர்கள் பீடத்தை விட்டு நடந்து, மீண்டும் வந்து அமர்ந்து, பின்னர் ஊருக்குத் திரும்பினார்கள். அந்தப் பயணங்களில் எது நமக்குரியது என்பதை நிய்யத்தைச் சோதிக்கும் மனிதரே அறிவார். பணியிலிருந்து விலகுவது ஒரு சிகிச்சை. அதுவே ஆரோக்கியம் ஆகிவிடாது. துறந்ததைப் பெருமையாகச் சொல்லித் திரிபவர் துறக்கவில்லை என்பதையும், திரும்பி வந்தவர் அனைவரும் தோற்றவர் அல்லர் என்பதையும் இச்சிறு நூல் ஒருசேரக் கற்பிக்கிறது. அதன் பிற்பாதியையும் நம் மேடைகளில் சேர்த்துச் சொல்வோமாயின், இமாமவர்களுக்கு நாம் செய்யும் நீதியாக அது அமையும்.